திருப்பாலைவனத்திலிருந்து ரிச்சி தெருவுக்கு: குறைந்த செலவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய முழுமையான வழிகாட்டி

கம்ப்யூட்டர் பாகங்கள் வாங்கத் திருப்பாலைவனத்திலிருந்து கிளம்பினால், பழவேற்காட்டிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறிப் பொன்னேரி, அங்கிருந்து புறநகர் ரயிலில் சென்னை, பிறகு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. போய்த் திரும்ப ஒரு நாள் போய்விடும். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் லைட்ஹவுஸ் குப்பத்திலோ கோரைக்குப்பத்திலோ இருப்பவர்களுக்கு இன்னும் நேரமாகும். சிந்தாதிரிப்பேட்டையில் குடியிருப்பவர் ரேமைத் தப்பாக வாங்கிவிட்டால், சாயந்திரமே நடந்துபோய் மாற்றிக்கொண்டு வந்துவிடுவார். நமக்கு அதே தவறால் இன்னொரு நாள் கூலி போகும். ஏரியில் முறை வைத்து மீன்பிடிக்கும் பாடு முறையில் தொழில் செய்கிற வீட்டில், தன் முறை வரும் நாளில் ரிச்சி தெருவில் நின்றுகொண்டிருக்க முடியாது.

அதனால் எல்லாப் பொருத்தத்தையும் வீட்டிலேயே ஒரு தாளில் முடித்துவிட வேண்டும். கடைக்குப் போவது பணம் கொடுத்து எடுத்து வருவதற்கு மட்டும். எந்தப் பாகம் எதோடு சேரும், எது சேராது, சேருவதுபோலத் தோன்றிக் காலை வாருவது எது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: வேலையை முடிவு செய்யுங்கள்

பாலிடெக்னிக், கல்லூரிப் படிப்பு, டிஎன்பிஎஸ்சி தயாரிப்பு, ஏலக் கணக்கு, ஆன்லைன் விண்ணப்பம், தமிழ் டைப்பிங், கொஞ்சம் வீடியோ எடிட்டிங். பெரும்பாலான வீடுகளின் தேவை இவ்வளவுதான். இதற்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால் போதும். இந்த ஒரு முடிவில் பட்ஜெட்டின் பெரும் பாரம் இறங்கிவிடும். பெரிய கேம்கள் ஆட வேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால், கார்டைப் பிறகு சேர்த்துக்கொள்ள இடம் விட்டு வைப்போம்.

படி 2: பிராசசர், அதன் கடைசி எழுத்து

குறைந்த செலவுக்கு நான் சிபாரிசு செய்வது இரண்டு. ஒன்று இன்டெல் கோர் ஐ3 12100: நான்கு கோர், எட்டு திரெட். இன்னொன்று ஏஎம்டி ரைசன் 5 5600ஜி: ஆறு கோர், பன்னிரண்டு திரெட். இரண்டிலும் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. படிப்பும் ஆபீஸ் வேலையும் மட்டும் என்றால் 12100 போதும். வீடியோ எடிட்டிங்கும் சின்ன கேம்களும் உண்டு என்றால் 5600ஜி. அதன் கிராபிக்ஸ் இன்டெல்லை விடப் பலமானது.

பெயரின் கடைசி எழுத்தைக் கவனமாகப் படியுங்கள். 12100 என்றும் 12100எஃப் என்றும் இரண்டு உண்டு. எஃப் போட்டது விலை குறைவாக இருக்கும். "சார், ரெண்டும் ஒரே ஸ்பீடுதான்" என்று கடையில் சொல்வார்கள். ஸ்பீடைப் பற்றிச் சொல்வது உண்மை. ஆனால் எஃப் வகையில் கிராபிக்ஸ் கிடையாது. வீட்டுக்கு வந்து மானிட்டரை மாட்டினால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரையில் "நோ சிக்னல்" என்று மட்டும் வரும். மதர்போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருந்தும் பயனில்லை, அதற்குப் படம் அனுப்ப ஆளில்லை. ஏஎம்டியில் ரைசன் 5 5500, 5600 இரண்டுக்கும் இதே கதை. 5600க்குப் பின்னால் "ஜி" இருந்தால்தான் நமக்கு ஆகும்.

இன்னொன்று, பெட்டி. ரீடெயில் பாக்ஸில் வரும் 12100, 5600ஜி இரண்டிலும் கூலர் விசிறி கூடவே வரும். "டிரே" என்று தனியாகக் கொடுப்பதில் வராது. கூலரையும் தெர்மல் பேஸ்டையும் தனியாக வாங்கினால் மிச்சம் பிடித்த பணம் அங்கேயே போய்விடும். வாரண்டி யார் கொடுப்பார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

படி 3: மதர்போர்டு, எல்லாவற்றுக்கும் நடு

பொருத்தத்தில் பாதிச் சிக்கல் இங்கேதான் வருகிறது, அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் சாக்கெட். இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ 1700. 10, 11ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ 1200. ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்4. 2022இல் வந்த 7000 வரிசையிலிருந்து ஏஎம்5. சாக்கெட் வேறாக இருந்தால் பிராசசர் உட்காரவே உட்காராது. அந்தத் தவறைக் கடைக்காரரே தடுத்துவிடுவார்.

சாக்கெட் ஒன்றாகவே இருந்தும் வேலை செய்யாமல் போகும் இடங்கள்தான் ஆபத்து. பழைய பாகங்களின் சந்தையில் அதிகம் ஏமாறுவது எல்ஜிஏ 1151இல். இன்டெல்லின் 6, 7ஆம் தலைமுறைக்கும் அதே பெயர், 8, 9ஆம் தலைமுறைக்கும் அதே பெயர். ஆனால் எச்110 போர்டில் ஐ3 8100ஐப் போட்டால் ஓடாது. அதற்கு எச்310, பி360 போன்ற 300 வரிசை போர்டு வேண்டும். "1151க்கு 1151 சரியாப் போச்சு" என்று எடுத்து வந்துவிடாதீர்கள்.

ஏஎம்4இலும் இப்படி உண்டு. பி450 போர்டுகள் 5600ஜிக்கு முன்பே சந்தைக்கு வந்தவை. பயாஸ் என்கிற அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்தால்தான் புதிய பிராசசரை அடையாளம் கண்டுகொள்ளும். நாள்பட்ட ஸ்டாக் என்றால் ஏ520இலும் இது நேரலாம். புதுப்பிக்க, ஏற்கெனவே ஓடும் பிராசசர் ஒன்று பெரும்பாலும் தேவைப்படும். நம்மிடம் இருக்காது, கடையில் இருக்கும். ஆகவே பணம் கொடுக்கும் முன்பு கேட்க வேண்டியது: "அண்ணே, இந்த போர்டுல 5600ஜி இப்பவே ஏறுமா, பயாஸ் அப்டேட் பண்ணணுமா? பண்ணணும்னா இங்கயே பண்ணிக் கொடுத்திருங்க." எதிர்த்திசையிலும் கண்ணி இருக்கிறது: பழைய ரைசன் 3 3200ஜி மலிவாகக் கிடைக்கும், அதுவும் ஏஎம்4தான். ஆனால் பல ஏ520, பி550 போர்டுகளின் ஆதரவுப் பட்டியலில் அது இல்லை.

எல்ஜிஏ 1700இல் 12100 எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எச்610 போர்டு அந்தத் தலைமுறையோடு சேர்ந்தே வந்தது. பின்னால் 13, 14ஆம் தலைமுறை பிராசசருக்கு மாறினால்தான் பயாஸ் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு மதர்போர்டுக்கும் அதன் தயாரிப்பாளரின் இணையதளத்தில் "சிபியு சப்போர்ட்" என்று ஒரு பட்டியல் இருக்கும். எந்தப் பிராசசர், எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து என்று வரிவரியாகப் போட்டிருப்பார்கள். செல்போனிலேயே திறந்து பார்க்கலாம். யூடியூபில் யார் என்ன சொன்னாலும், கடையில் யார் சத்தியம் செய்தாலும், அந்தப் பட்டியலில் உங்கள் பிராசசர் பெயர் இருந்தால்தான் தாளில் எழுதுங்கள். போர்டின் முழுப்பெயரையும் எழுதுங்கள். வெறும் "எச்610" போதாது. ஒரே நிறுவனமே எச்610இல் நான்கைந்து வகை விற்கிறது.

படி 4: ரேம்

ஏஎம்4 போர்டு என்றால் டிடிஆர்4 மட்டும். ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும். எல்ஜிஏ 1700இல்தான் குழப்பம்: எச்610, பி760 போர்டுகளில் டிடிஆர்4 வகையும் உண்டு, டிடிஆர்5 வகையும் உண்டு. ஒரே போர்டில் இரண்டும் போட முடியாது. டிடிஆர்4 வகையில் பெயரின் கடைசியில் "டி4" அல்லது "டிடிஆர்4" என்று பெரும்பாலும் இருக்கும். இரண்டு ரேமுக்கும் 288 பின்தான், நீளமும் ஒன்றே. நடுவில் உள்ள வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். உட்காராததை அழுத்தி உட்கார வைக்கப் பார்த்தால் ஸ்லாட் உடையும்.

2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு மெமரி சிப்புகள் போய்க்கொண்டிருப்பது முக்கியக் காரணம். போன வருட வீடியோவைப் பார்த்துப் பட்ஜெட் போடாதீர்கள். கிளம்புவதற்கு முதல் நாள் விலையைப் பாருங்கள்.

முடிந்தால் 8 ஜிபி குச்சிகள் இரண்டு வாங்குங்கள். பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை, இந்த ரேமைத்தான் அதுவும் பயன்படுத்துகிறது. இரண்டு குச்சி போட்டால் இரண்டு வழியாகத் தரவு ஓடும். 5600ஜியில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். இப்போது ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஒன்று போதும், தாளில் அதன் மாடல் எண்ணைக் குறித்து வையுங்கள். அடுத்த சீசனில் அதே எண்ணில் இன்னொன்று சேர்க்கலாம். லேப்டாப் ரேம் இதில் சேராது, அது நீளத்தில் ஏறக்குறைய பாதிதான்.

படி 5: எஸ்எஸ்டி, வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்

விண்டோஸோ லினக்ஸோ, சிஸ்டம் இருப்பது எஸ்எஸ்டியாக இருக்கட்டும். எம்.2 வடிவத்தில் சூயிங்கம் பட்டைபோல இருப்பதில் இரண்டு வகை: என்விஎம்இ, சாட்டா. வெளித்தோற்றம் கிட்டத்தட்ட ஒன்று. உங்கள் போர்டின் எம்.2 ஸ்லாட் எதை ஏற்கும் என்று கையேட்டில் இருக்கும். சில ஸ்லாட்டுகள் என்விஎம்இயை மட்டும் ஏற்கும். எண் 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். சாதாரண போர்டுகள் எல்லாம் இந்த அளவை ஏற்கும்.

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த லேப்டாப்புகள் நம் பக்கத்து வீடுகளில் பீரோ மேல் நிறையக் கிடக்கின்றன. பேட்டரி செத்து, திரை போய், சார்ஜர் தொலைந்து. அவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளே 2.5 அங்குல சாட்டா ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. டெஸ்க்டாப்பின் சாட்டா கேபிளும் பவர் கேபிளும் அதில் அப்படியே பொருந்தும், மாற்றி எதுவும் வேண்டாம். அடியில் உள்ள திருகுகளைக் கழற்றி, டிஸ்க்கைப் பக்கவாட்டில் மெதுவாக இழுத்தால் வந்துவிடும். படமும் பாட்டும் சேமிக்க இது தாராளம். சிஸ்டத்தை மட்டும் அதில் ஏற்ற வேண்டாம், வேகம் போதாது. முக்கியமான சான்றிதழ் நகல்களையும் அதை நம்பி மட்டும் வைக்காதீர்கள்.

படி 6: எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள்

கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது பவர் சப்ளையை, கையில் எடுத்துப் பாருங்கள், கனமே இருக்காது. மேலே 450 வாட் என்று ஒட்டியிருக்கும். அந்த எண்ணை விட்டுவிட்டு, லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது அந்த வரியிலிருந்துதான். 14 ஆம்பியர் என்றிருந்தால் 12ஐ 14ஆல் பெருக்குங்கள்: 168 வாட். மேலே ஒட்டிய 450க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தரமான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் வரியே 400 வாட்டுக்குப் பக்கத்தில் தரும்.

நம் கம்ப்யூட்டருக்கு அவ்வளவு தேவையா? 12100 முழுவேகத்தில் எடுப்பது அதிகபட்சம் 89 வாட். 5600ஜியும் ஏறக்குறைய அவ்வளவே. போர்டு, ரேம், எஸ்எஸ்டி எல்லாம் சேர்ந்தாலும் 150 வாட்டைத் தாண்டாது. ஆனாலும் பெயர் தெரிந்த நிறுவனத்தின் 450 வாட், "80 பிளஸ்" முத்திரை உள்ளது ஒன்றைத் தனியாக வாங்கச் சொல்கிறேன். காரணம் நம் ஊர் கரண்ட். மழைக்காலத்தில் வோல்டேஜ் இறங்கும், போகும், திடீரென்று ஏறி வரும். மட்டமான எஸ்எம்பிஎஸ் சாகும்போது சில சமயம் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். லேபிளில் உள்ளீடு "200–240 வோல்ட்" என்று போட்டதும் உண்டு, "100–240 வோல்ட்" என்று போட்டதும் உண்டு. வோல்டேஜ் குறையும் வீடுகளுக்கு இரண்டாவதே நல்லது.

கேபிள்களில் மதர்போர்டுக்கு 24 பின், பிராசசருக்கு 4+4 பின் இருக்க வேண்டும். பின்னால் கிராபிக்ஸ் கார்டு போடும் எண்ணம் இருந்தால் 6+2 பின் ஒன்றும் இருக்கட்டும். மதர்போர்டு ஸ்லாட் வழியாக ஒரு கார்டுக்கு 75 வாட் வரைதான் கிடைக்கும், அதற்கு மேல் எடுக்கும் கார்டுகளுக்கு இந்தத் தனிக் கேபிள் வேண்டும்.

இனி எர்த். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று பலர் சொல்வதுண்டு. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்டச் சிறு கெபாசிட்டர்கள் இருக்கும். அவை ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோகப் பெட்டிக்கு இணைந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியிலேயே பாதி மின்னழுத்தம் மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் சிறியதுதான். ஆனால் எர்த் இல்லாத வீட்டில் எஸ்எம்பிஎஸ் உள்ளே உண்மையாகவே பழுதானால், முழுக் கரண்டும் அந்தப் பெட்டியில் நிற்கும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் வீடுகள் நம்முடையவை. உப்பு மண்ணில் எர்த் கம்பியும் அதைப் பிடிக்கும் கிளாம்பும் சீக்கிரம் அரித்துப் போகின்றன. கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்துவிடுங்கள். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகுவது ஒருபோதும் கூடாது.

படி 7: கேபினட், மானிட்டர், இன்டர்நெட்

மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு அதிகபட்சம் 244க்கு 244 மி.மீ. அதை ஏற்கும் கேபினட் எதுவானாலும் சரி. கண்ணாடியும் வண்ண விளக்கும் வேண்டாம். காற்று போக வழியும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வலையும் இருக்கட்டும்.

வீட்டில் எச்டிஎம்ஐ உள்ள டிவி இருந்தால் மானிட்டர் செலவைத் தள்ளிப்போடலாம். பழைய விஜிஏ மானிட்டர் இருந்தால், விஜிஏ துளை உள்ள போர்டாகப் பாருங்கள். எச்610, ஏ520இன் அடிமட்ட வகைகள் பலவற்றில் இன்னும் அது இருக்கிறது. வைஃபை இந்த விலை போர்டுகளில் பெரும்பாலும் இருக்காது. தொடக்கத்தில் செல்போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டாலே இன்டர்நெட் வந்துவிடும்.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் வாங்கலாமா?

ரிச்சி தெருவில் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் போன்ற ஆபீஸ் பெட்டிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. உழைப்பான பெட்டிகள்தான். மூன்று விஷயம் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பல மாடல்களில் எஸ்எம்பிஎஸ்ஸும் அதன் கேபிளும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவம், போய்விட்டால் கடையில் வாங்கிய சாதாரண எஸ்எம்பிஎஸ் மாட்ட முடியாது. நாலாம் தலைமுறைப் பெட்டிகளில் ரேம் பெரும்பாலும் டிடிஆர்3, அதைப் பின்னால் வேறெதற்கும் எடுத்துப் பயன்படுத்த முடியாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற வேண்டுமானால் இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0வும் வேண்டும். லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்வேன் என்பவருக்கு இந்தக் கடைசிச் சிக்கல் இல்லை, அது இலவசம், தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு. வாங்குவதானால் 8ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள்.

படி 8: கடையில்

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். காலையிலேயே போய்ச் சேருங்கள். தாளில் எழுதியது ஸ்டாக் இல்லை என்றால், "இதே மாதிரி இன்னொண்ணு" என்று எடுத்துக் கொடுப்பார்கள். போனை எடுத்து அந்த மாடலின் ஆதரவுப் பட்டியலை அங்கேயே பாருங்கள். அவசரப்படுத்தினால் பக்கத்துக் கடை இருக்கிறது.

எல்ஜிஏ போர்டில் மெல்லிய பின்கள் போர்டின் சாக்கெட்டுக்குள் இருக்கும். கறுப்பு மூடியைத் திறக்கச் சொல்லி, செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். வரிசை வரிசையாக ஒரே மாதிரி மின்ன வேண்டும். ஓரிடத்தில் ஒளி மாறித் தெரிந்தால் பின் வளைந்திருக்கிறது. அங்கேயே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்த பிறகு வளைந்த பின்னைக் காட்டினால் யாரும் மாற்றித் தரமாட்டார்கள். ஏஎம்4இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும், அதையும் இப்படியே பாருங்கள்.

பில் ஜிஎஸ்டி பில்லாக இருக்கட்டும், ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் அதில் ஏறியிருக்கட்டும். அசெம்பிள் கூலி கொஞ்சம் கேட்டாலும் கொடுத்துவிட்டு, "டிஸ்ப்ளே வருதான்னு பார்த்துட்டுத்தான் எடுத்துட்டுப் போவேன்" என்று சொல்லுங்கள். பயாஸ் திரையில் பிராசசர் பெயர், ரேம் அளவு, எஸ்எஸ்டி மூன்றும் தாளில் உள்ளபடி தெரிகின்றனவா என்று சரிபாருங்கள். வீட்டில் நாமே அசெம்பிள் செய்து கற்றுக்கொள்ளலாம் என்று ஆசையிருந்தாலும், முதல் கம்ப்யூட்டருக்கு இப்படிச் செய்வதே நல்லது. பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

திரும்பும்போது அட்டைப்பெட்டிகளைத் தூக்கிப் போடாதீர்கள், வாரண்டிக்கு வேண்டும். கேபினட்டை ரயிலில் படுக்க வைத்துக் கொண்டுவாருங்கள், மதர்போர்டு கீழ்ப்பக்கமாக இருக்கும்படி.

படி 9: உப்புக்காற்றில் வைத்துக் காப்பது

ஏரியிலும் கடலிலும் இருந்து வரும் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. தகரம் துருப்பிடிக்கும், செப்புத் தொடுப்புகளில் பச்சை படியும். ஏரியைப் பார்த்த ஜன்னலுக்கு நேராகப் பெட்டியை வைக்காதீர்கள். தினமும் கொஞ்ச நேரமாவது ஓட்டுங்கள், உள்ளே எழும் வெப்பம் ஈரத்தைத் தங்கவிடாது. பரீட்சை லீவு முழுக்கப் பிளாஸ்டிக் உறைக்குள் பூட்டிவைத்த கம்ப்யூட்டர்தான் ஜூனில் டிஸ்ப்ளே வராமல் நிற்கும். அப்படி நின்றால் கரண்டைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, தங்க நிற ஓரத்தைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் வட்டாரத்தில் தண்ணீர் நின்றது மறந்திருக்காது. பெட்டி தரையில் இருக்கக் கூடாது, மேசைக்கு மேலே இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்தாலோ இடி இடித்தாலோ சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

600 விஏ யூபிஎஸ் ஒன்று ஏறக்குறைய 360 வாட் தாங்கும். கரண்ட் போனதும் வேலையைச் சேமித்து முறையாக அணைக்க அது கொடுக்கும் சில நிமிடம் போதும். பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளரும், அதை மட்டும் மாற்றலாம். யூபிஎஸ் வாங்கியதும் கம்ப்யூட்டரை ஓடவிட்டுச் சுவர் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். சில யூபிஎஸ்ஸும் சில எஸ்எம்பிஎஸ்ஸும் ஒத்துப்போகாமல், மாறும் நொடியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். அப்படி ஆனால் பில்லோடு அந்த வாரமே கடையில் கொடுத்து வேறு மாடல் கேளுங்கள்.